பஞ்சில் அளந்த வாசனை

கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும் பெரியவர்களின் காதைக் கவனித்தால், சிலருக்கு மேல்மடிப்பில் மிளகளவு பஞ்சு செருகியிருப்பது தெரியும். அத்தர் தொட்ட பஞ்சு அது. ஏர்வாடி தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அத்தர் குப்பியைத் திறந்து, வந்தவரின் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். பிடித்துப்போனால் மூன்று மில்லி, ஆறு மில்லி, பன்னிரண்டு மில்லி என்று வாங்கலாம். பன்னிரண்டு மில்லியைத் தோலா என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. மல்லிகை, ரோஜா, மஜ்முவா, ஊத், கஸ்தூரி என்று வரிசை நீளும். அதில் நிறத்தாலேயே தனித்துத் தெரிபவை கரும்பழுப்பு எண்ணெய்கள். பச்சோலியும் அம்பரும் சேர்ந்த கலவைகள் அந்த ரகம்.

கனமான மணம், இனிப்பான மணம், விடாப்பிடியான மணம். வருஷத்தில் பாதி நாள் வியர்வை காயாத இந்தக் கரைக்கு இது பொருந்துமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. “வெயிலுக்கு ஆகாது, தலைவலிதான் மிச்சம்” என்பது ஒன்று. “இது ஒன்றுதான் நிற்கும், மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும்” என்பது மற்றொன்று. இரண்டு பேரும் சண்டை போடுவது ஒரே குணத்தைப் பற்றித்தான். நிற்கும் என்பதே இதன் பெருமை. போகவே மாட்டேன் என்கிறது என்பதே இதன் மேல் புகார்.

பச்சோலி என்பது உலகச் சந்தை வைத்திருக்கும் பெயர். அதன் வேர்ச்சொல் தமிழ் என்று ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. பச்சை இலை, பச்சிலை என்பதிலிருந்து போனது என்பது பரவலான விளக்கம். பெயர் இங்கிருந்து போனாலும் செடி இங்குள்ளதல்ல. வாசனைத் தொழிலுக்கு எண்ணெய் தரும் போகோஸ்டெமான் கேப்ளின், பிலிப்பைன்ஸ் இந்தோனேசியப் பக்கத்துச் செடி. உலகத்துக்குப் போகும் எண்ணெயில் பெரும்பங்கு இன்று சுமத்ரா, சுலவேசித் தீவுகளிலிருந்து கிடைக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் அதன் பங்காளிச் செடிக்குக் கதிர்ப்பச்சை என்று பெயர். மரிக்கொழுந்தைப் போல மாலையில் மணத்துக்காக வைத்துக் கட்டும் இலை அது. ஆக, தமிழ் மூக்குக்கு இந்த மணம் புதிதல்ல. குப்பிக்குள் அடைபட்டு வந்த விதம்தான் புதிது.

19ஆம் நூற்றாண்டில் இந்த இலைக்கு ஐரோப்பாவில் ஒரு வேடிக்கையான வாழ்வு இருந்தது. காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க, மடிப்புகளுக்கிடையில் பச்சோலி இலையை வைத்துக் கப்பலேற்றினார்கள். அங்குள்ள சீமாட்டிகள் அந்த மணத்தை முகர்ந்தே அசல் சால்வையைக் கண்டுபிடித்தார்கள். உடனே பிரான்சின் நெசவுக்காரர்கள் இலையை மட்டும் தனியாக வரவழைத்து, தங்கள் போலிச் சால்வைக்கு மணமேற்றி விற்றார்கள். வாசனையை அத்தாட்சியாக நம்பியவர்கள் ஏமாந்த கதை அது. ஏர்வாடிக் கடை வரிசையில் நிற்கும்போதும் அதை மறக்காமலிருப்பது நல்லது.

எண்ணெய் எடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பறித்த பச்சை இலையில் மணம் குறைவு. அதை நிழலில் உலர்த்தி, குவித்து வைத்து, லேசாகப் புளிக்கவிட்ட பிறகே நீராவியில் வடிக்கிறார்கள். நூறு கிலோ உலர்ந்த இலைக்கு இரண்டு மூன்று கிலோ எண்ணெய் தேறும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது பச்சூலால் என்ற பொருள். பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட கனத்த மூலக்கூறு அது. எலுமிச்சைத் தோலின் மணப்பொருளில் இருப்பது பத்து கார்பன்தான். கனம் கூடினால் ஆவியாகும் வேகம் குறையும். எலுமிச்சை மணம் குளித்த தலை காய்வதற்குள் ஓடிவிடுவதும், பச்சோலி மறுநாள் காலை வரை சட்டையில் தங்குவதும் இதனால்தான். நாரத்தங்காய் ஊறுகாயைப் போல இந்த எண்ணெய்க்கு வயது ஆக ஆக ருசி கூடும். புதிய எண்ணெயின் காரம் தணிந்து வழவழப்பு ஏறும். மல்லிகை அத்தரை இரண்டு வருஷம் பூட்டி வைத்தால் அழுது வடியும், பச்சோலி அப்படியல்ல.

அம்பர் கதை இன்னும் சிக்கலானது. அரபியில் ‘அன்பர்’ என்றால் திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரை ஒதுங்கும் மெழுகுப் பொருள். சித்த மருத்துவ நூல்களில் அதை மீனம்பர் என்பார்கள். பின்னால் ஐரோப்பியர்கள் அதே பெயரைப் பால்டிக் கரையில் கிடைக்கும் மஞ்சள் பிசின் மணிக்கும் வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக, வாசனைக் கலைஞர்கள் தாங்களே கலந்து செய்த ஓர் இனிப்பு மணத்துக்கும் அம்பர் என்றே பெயரிட்டார்கள். இன்று குப்பியில் ‘அம்பர்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

மன்னார் வளைகுடாக் கரையில் இந்தப் பெயர்க் குழப்பம் விளையாட்டல்ல. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை “திமிங்கல எச்சம் பறிமுதல்” என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படத்தில் கிலோக் கணக்கில் சாம்பல் கட்டிகள் அடுக்கியிருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் எண்ணெய்த் திமிங்கலத்தின் பொருள் அது. கரையில் கண்டெடுத்தேன் என்று சொல்லிக்கூட வைத்திருக்கவோ விற்கவோ முடியாது. எனவே சில நூறு ரூபாய்க் குப்பியைக் காட்டி “அசல் கடல் அம்பர்” என்று யாராவது சொன்னால், ஒன்று அது பொய், இல்லையென்றால் குற்றம். பெரும்பாலும் பொய்தான், அந்த மட்டில் நல்லது. மீனம்பரின் உப்பும் வெதுவெதுப்பும் கலந்த மணத்தை 1950லேயே சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவன வேதியியலாளர்கள் ஒரு செடியிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு ஆய்வகத்தில் உண்டாக்கிவிட்டார்கள். 2015இல் வந்து உலகெங்கும் விற்றுத் தள்ளிய டியோர் நிறுவனத்தின் சோவாஜ் அந்தக் குடும்பத்துச் செயற்கை அம்பரின் மேல் எழுந்ததுதான். இந்தக் கரையின் இளைஞர்கள் பலர் ஊருக்குத் தெரியப் பூசித் திரியும் “வெளிநாட்டு வாசம்” அதுவும் அதன் நகல்களும்தான்.

கரும்பழுப்புக் குப்பியில் இருக்கும் இனிப்பு அம்பர் வேறு. மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் பிசினான லாப்டானம், வனிலா அல்லது 1874இல் ஆய்வகத்தில் பிறந்த வனிலின், இவற்றோடு பென்சாயின். இந்தப் பென்சாயின் யார் என்று பார்த்தால், நம் வீட்டுச் சாம்பிராணி. தலைக்குக் குளித்த கூந்தலை விரித்துப் போட்டுப் புகை காட்டும் அதே மலாக்காச் சாம்பிராணி. ஷாலிமார் ஒன்றே போதும் உதாரணத்துக்கு. பாரிஸின் கெர்லான் நிறுவனம் மொகலாயத் தோட்டத்தின் பெயரை வைத்து 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த வாசனை, வனிலாவையும் பிசின்களையும் வைத்துக் கட்டிய அம்பர்தான். கிழக்கின் மர்மம் என்று மேற்கில் விளம்பரம் செய்யப்பட்டதை இராமநாதபுரத்து மூதாட்டி ஒருவர் முகர்ந்தால், செவ்வாய் வெள்ளிகளில் வீட்டில் போடும் புகை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கப்பல் வணிகம் நடந்த கரை இது என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு, மிளகு, பாக்கு, நூலோடு சந்தனம், அகில், பன்னீர் என்று வாசனைச் சரக்கையும் வரிசைப்படுத்துகிறது. சீனத்துக்கும் அரபு நாட்டுக்கும் நடுவில் நின்று மரக்கலம் ஓட்டியவர்களின் பிள்ளைகள், இன்று துபாயிலிருந்து பெட்டியில் வாசனைக் குப்பி கொண்டுவருகிறார்கள். சரக்கு அதேதான், அட்டைப்பெட்டி மட்டும் பளபளக்கிறது.

இனி மணத்துக்கு வருவோம். பூசிய முதல் பத்து நிமிஷம் இது யாரையும் மயக்காது. ஈரக் கோணி, நெடுநாள் திறக்காத மரப்பெட்டி, நடுவில் சூடத்தின் சில்லிப்பு. கடையில் முகர்ந்தவுடன் முகம் சுளித்துக் குப்பியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அரை மணி கழிந்தால் சூடம் இறங்கும். காய்ந்த இலையும் மரமும் மேலே வரும். நல்ல எண்ணெயாக இருந்தால் கொக்கோப் பொடியின் கசப்பும் தெரியும். அதற்குப் பின்தான் அம்பர் மெல்லத் தலைகாட்டும். சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் கொப்பரையில் பாகு திரளும்போது எழுமே ஒரு மணம், இனிப்பும் லேசான கருகலுமாக, அதற்கு மிக நெருக்கம். மூன்றாம் மணியிலிருந்து இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகி, உடம்பின் வெம்மையோடு சேர்ந்துவிடும். இந்தக் கடைசிக் கட்டம்தான் இந்த வாசனையின் நியாயம். ஆறேழு மணி நேரம் கழித்தும் அருகில் வந்து அமர்பவருக்கு, பூசியது என்று தோன்றாமல், இவருடைய வாசம் என்று தோன்றும்.

வேறு ஊர்களில் இதே மணத்துக்கு வேறு நினைவு. மேற்கில் 1960களின் ஹிப்பிகளை அது நினைவூட்டும். அழுக்கு ஜீன்ஸும் கிடாரும் கண்ணில் வரும். தமிழ்நாட்டில் ஊதுபத்தித் தொழில் பச்சோலியைத் தாராளமாகப் பயன்படுத்துவதால் பூஜை அறையோ தர்காவோதான் நினைவுக்கு வரும். இதில் ஓர் இடைஞ்சலும் இருக்கிறது. “ஊதுபத்தி வாசம் அடிக்கிறது” என்று நம்மூரில் சொன்னால் அது பாராட்டில்லை. உயர்ந்த பச்சோலி அம்பரைப் பூசியவரும் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போவார். மூக்கின் பழக்கத்தோடு வாதாட முடியாது.

இதன் பலங்களைச் சொல்லும்போது முதலில் வருவது காற்று. பாம்பனில் ஓயாமல் வீசும் கடற்காற்றில் இலேசான வாசனைகள் நிற்பதில்லை. புழுக்கத்தில் தோல் சூடாகி, வியர்த்து, துடைத்து, மறுபடி வியர்க்கும்போது பழவாசனையும் பூவாசனையும் ஒரு மணி நேரத்தில் கணக்கு முடித்துக்கொள்கின்றன. எண்ணெயில் ஊறிய பச்சோலி வியர்வை நீரில் கரைவதில்லை. இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமாடி வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரின் துண்டில்கூட மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, கடற்கரையின் சொந்த வாடை. கருவாடு காயும் நாளில் பாம்பன், மண்டபம் தெருக்களில் எலுமிச்சை மணச் சென்ட்டைப் பூசி நடந்தால், குழம்பு வைப்பதற்கு முன் அலசி வைத்த சட்டிதான் ஞாபகம் வரும். பச்சோலி மீன் வாடையோடு மல்லுக்கட்டுவதில்லை. மண்ணும் உப்பும் ஈரமும் ஏற்கெனவே அதன் குணத்தில் இருப்பதால் அடியில் போய்ப் படிந்துகொள்கிறது. இந்தக் கரைக்கு இது அந்நியமில்லை என்று வாதாட விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சரியான சான்று கிடைக்காது.

மல்லிகையோடு அது கொள்ளும் உறவையும் சொல்ல வேண்டும். மதுரை மல்லி என்று பேர்போன பூவின் பதியன்களுக்குப் பிறந்த வீடு இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம். அந்த மணலில் வேர்பிடித்த நாற்றுகள்தான் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. தலையில் மல்லிகைச் சரமும் புடவை முந்தானையில் ஒரு தொடுகை பச்சோலியும் இருந்தால், பூ வாடிய பிறகும் அதன் நிழல் நிற்கும். ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பிரித்து விற்கும் கடைகள் இதை ஆண்கள் அலமாரியில் வைப்பது வெறும் வியாபார வசதி. உலகத்தில் பச்சோலியை அதிகம் விற்ற வாசனைகள் பெண்களுக்காக வந்தவை. 1992இல் வெளிவந்த முக்ளேரின் ஏஞ்சல் பச்சோலியோடு பஞ்சுமிட்டாய் மணத்தைச் சேர்த்தது. 2001இல் வந்த கோகோ மத்முவாசெல் பச்சோலியின் மண்வாடையை வடிகட்டிவிட்டுச் சுத்தமான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

சிக்கனமும் ஒரு பலம். மூன்று மில்லிக் குப்பியில் ஏறக்குறைய அறுபது சொட்டு இருக்கும். வெள்ளிக்கு ஒரு சொட்டு என்றால் ஓர் ஆண்டைத் தாண்டும். ஆல்கஹால் கலந்ததைத் தொழுகைக்குப் பூசத் தயங்குகிறவர்களுக்கு எண்ணெய் அத்தர் அந்தச் சங்கடத்தையும் தருவதில்லை.

குறைகளைச் சொல்லத் தொடங்கினால் எல்லாம் அந்த விடாப்பிடிக் குணத்திலிருந்தே கிளைக்கின்றன. பூசியவரின் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் மணத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும். “போய்விட்டது போல” என்று மறுபடி பூசுவார். பக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரு மடங்கு கூடும். இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகும் குளிர்சாதன வண்டியில் இந்தக் கணக்குத் தப்பினால், வழி முழுக்கத் தப்பிக்க இடமில்லை. பழைய பாம்பன் பாலத்தில் சன்னலோரம் உட்கார்ந்து போனவருக்குக் கடற்காற்று எந்த வாசனையையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஏசி பெட்டியில் போகிறவர் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். கனத்த வாசனை ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை. பூசுகிறவருக்கு அது அலங்காரம். அடுத்த இருக்கைக்காரருக்குத் தண்டனை.

அம்பரின் இனிப்பு தனிக் குற்றவாளி. சித்திரை வைகாசி வெயிலில் பச்சோலி ஓரளவுக்குச் சமாளித்துவிடும். அதன் கசப்பும் சூடச் சில்லிப்பும் காப்பாற்றும். வனிலா அப்படியல்ல. வியர்வையின் உப்பும் வனிலாவின் பாகும் சேர்ந்தால் பழைய பாயசம். ஐரோப்பாவின் குளிருக்குக் கம்பளியைப் போலத் தைக்கப்பட்ட மணம் இது. 2005இல் செர்ஜ் லுத்தான்ஸ் வெளியிட்ட போர்னியோ 1834 இங்கே நினைக்கத்தக்கது. பச்சோலியும் கொக்கோவும் தூக்கலாக, இனிப்பை அடக்கி வாசித்த வாசனை அது. புழுக்கமான கரைகளுக்குப் பச்சோலியை எப்படிக் கலக்க வேண்டும் என்பதற்குப் பாரிஸில் செய்த அந்தப் பாட்டில், துபாயில் செய்த பல பாட்டில்களைவிடச் சரியான விடை. வளைகுடாக் கலவைகளின் ருசி குளிரூட்டிய கூடங்களுக்காக வளர்ந்தது. அங்கே எவ்வளவு சர்க்கரையும் தாங்கும்.

வெள்ளை வேட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. வனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். பச்சோலி எண்ணெயே கரும்பழுப்பு. இரண்டும் சேர்ந்து பருத்தியில் விழுந்தால் சலவைக்காரர் கைவிரிப்பார். பெருநாள் சட்டையின் காலரில் மஞ்சள் கறையோடு அடுத்த பெருநாளைச் சந்தித்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது கலப்படம். அத்தர் என்றால் சந்தன எண்ணெயின் மேல் இறக்கிய மணம் என்பது கன்னோஜ் நகரத்தின் பழைய இலக்கணம். செப்புக் கொப்பரையும் மூங்கில் குழாயும் வைத்து வடித்து, சந்தனத்தில் சேர்ப்பார்கள். சந்தன விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, மலிவு அத்தர்களில் சந்தனத்தின் இடத்தைத் திரவப் பாரஃபினும் டைஎத்தில் தாலேட் போன்ற கரைப்பான்களும் பிடித்துக்கொண்டன. மணமில்லாத, மலிவான, எண்ணெய் போலவே வழுவழுக்கும் பொருள்கள். பச்சோலிக்கு இதில் ஒரு சாபம் இருக்கிறது. அதன் மணம் அவ்வளவு பலமானது என்பதால், நூற்றில் சில பங்கு எண்ணெய் போட்டாலும் மிச்சத்தை மறைத்துவிடும். ரோஜாவில் செய்யும் கலப்படம் பத்து நிமிஷத்தில் காட்டிக்கொடுக்கும். பச்சோலியில் செய்தது மாதக் கணக்கில் ஒளிந்திருக்கும். குப்பியின் மேல் என்ன இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலும் கிடையாது. காய்கறிக் கூறுக்குக்கூட எடை கேட்கும் ஊரில் இந்தக் கேள்வி மட்டும் எழுவதில்லை.

இங்கேதான் காதுப் பஞ்சு மறுபடி பேச்சுக்கு வருகிறது. பெட்டி நிறைய ஸ்ப்ரே பாட்டில்கள் வந்திறங்கிய பிறகு, பஞ்சு வைப்பது கிழவர்களின் வழக்கமாகிப் போனது. ஸ்ப்ரேதான் கொட்டித் தீர்க்கிறது, பஞ்சு சிக்கனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் விஷயம் அப்படி இல்லை. ஸ்ப்ரேயின் ஓர் அழுத்தில் வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லி. அதில் வாசனை எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு, மற்றது ஆல்கஹால். ஐந்து அழுத்து அழுத்தினால் உடம்பில் விழும் எண்ணெய் பத்தில் ஒரு மில்லி, அதாவது இரண்டே சொட்டு அத்தர். எண்ணெயின் அளவு பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் பரப்பில். ஸ்ப்ரே அந்த இரண்டு சொட்டைக் கழுத்து, மார்பு, சட்டை என்று விசிறி அடிக்கிறது. ஆல்கஹால் பறக்கும்போது மணத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு நாலு திசைக்கும் ஓடுகிறது. பஞ்சு அதே எண்ணெயை மிளகளவு இடத்தில் பூட்டி வைத்து, காதின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது. கட்டிப்பிடித்து ஸலாம் சொல்பவருக்குத் தெரியும். தெருமுனையில் நிற்பவருக்குத் தெரியாது.

பச்சோலி அம்பரைப் போன்ற கனத்த மணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைப் பாரிஸ் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். வேட்டியில் கறை படாது. மணம் அளவு மீறினால் பஞ்சை எடுத்து எறிந்துவிடலாம். கழுத்தில் அடித்த ஸ்ப்ரேயை எடுத்து எறிய முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றலாம்.

அதற்காகப் பஞ்சைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டியதில்லை. கரைப்பான் கலந்த மலிவு அத்தரை மணிக்கணக்கில் காதின் மெல்லிய தோலில் ஒட்டி வைத்தால் அரிப்பும் சிவப்பும் வரலாம். ஒரே பஞ்சை வாரம் முழுக்க வைத்திருப்பவர்களும் உண்டு. அது அழுக்கும் வியர்வையும் ஊறி மணத்தையே கெடுக்கும். ஸ்ப்ரேக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் திறந்த பந்தலில், ஆயிரம் பேருக்கு நடுவே, பிரியாணி மணத்துக்கும் சந்தனப் பன்னீருக்கும் எதிரே நிற்க வேண்டுமென்றால் பஞ்சு போதாது. அங்கே சட்டையின் உட்புறம் ஓர் அழுத்து குற்றமில்லை. இரண்டாவது அழுத்துக்குத்தான் மன்னிப்பு கிடையாது.

காலமும் பார்க்க வேண்டும். கடலோடிகள் காற்றை வைத்து மாதம் சொல்வார்கள். வாசனைக்கும் அந்தப் பஞ்சாங்கமே சரி. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று வீசும் மாதங்களில் பச்சோலியும் அம்பரும் தங்கள் முழு உருவத்தைக் காட்டும். மழை ஈரத்தில் மண்வாடை தடிக்கும், அம்பரின் வெம்மை இதமாக இருக்கும். அந்த நாட்களில் இதற்கு இணை கிடையாது. ஆனி ஆடியின் கச்சான் காற்றில் பகலில் வேண்டாம், இரவில் ஆகும். அக்கினி நட்சத்திரத்தில் அம்பரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெட்டிவேரிடம் போவதே புத்தி. பச்சோலியை விட மனமில்லாதவர்கள் அம்பர் கலக்காத தனிப் பச்சோலியை, அதுவும் பஞ்சில், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

ஆக, இது இந்தக் கரைக்கு ஒவ்வாத வாசனை என்ற தீர்ப்பு தவறு. எல்லா நாளும் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று துபாய்ப் பெட்டிகள் சொல்வதும் தவறு. வாடைக்காலத்து ராத்திரிக்கும் தொழுகை வரிசைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் இது அரசன். மத்தியான பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் கோயில் நெரிசலுக்கும் எதிரி.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் புறங்கையில் இழுத்த கோட்டை உடனே முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கையை வீசிக்கொண்டு போய் ஜியாரத்தோ தரிசனமோ முடித்து, ஒரு டீ குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். சூடம் போய்ப் பாகு மணம் வந்திருந்தால் மூன்று மில்லிக் குப்பி வாங்குங்கள். வெறும் இனிப்பு மட்டும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.